மூன்று சதுரங்களிலிருந்து ஒரு சதுரம்

10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாக்தாத் நகரில் கைவினைஞர்களும் வடிவகணித அறிஞர்களும் ஒன்றாக அமர்ந்து பேசும் கூட்டங்கள் நடந்தன. அப்படி ஒரு கூட்டத்தில் எழுந்த கேள்வியை, அதில் கலந்துகொண்ட அபுல் வஃபா அல்பூஸ்ஜானி என்ற கணித அறிஞர் எழுதி வைத்திருக்கிறார். ஒரே அளவுள்ள மூன்று சதுரங்கள் இருக்கின்றன. அவற்றை வெட்டி, ஒரு துண்டுகூட வீணாகாமல், ஒரே பெரிய சதுரமாகச் சேர்ப்பது எப்படி? ஓடு பதிப்பவருக்கும், மரப்பலகைகளை இழைத்துப் பொருத்துபவருக்கும் இது பொழுதுபோக்குப் புதிர் அன்று, அன்றாடத் தொழிலில் வந்து நிற்கும் சிக்கல்.

இரண்டு தரப்பாரும் அவரவர் வழியில் விடை சொன்னார்கள். சதுரத்தின் பக்கம் ஒன்று என்றால், புதிய சதுரத்தின் பக்கம் மூன்றின் வர்க்கமூலமாக இருக்க வேண்டும். அந்த நீளத்தைக் கவராயத்தாலும் அளவுகோலாலும் வரைந்து காட்டுவது கணிதருக்கு எளிது, காட்டியதும் தம் வேலை முடிந்தது என்று அவர் நினைத்தார். ஆனால் எங்கே வெட்டுவது, எந்தத் துண்டை எங்கே வைப்பது என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. கைவினைஞரோ துண்டுகளை வெட்டி அடுக்கியே காட்டினார். அவர் காட்டிய வழிகளில் சில கண்ணுக்குச் சதுரமாகத் தெரிந்தாலும் கணக்கில் சதுரமாக வரவில்லை. அபுல் வஃபா இருவரையும் விமர்சிக்கிறார். கணிதருக்கு நிரூபணம் தெரியும், கைப்பழக்கம் இல்லை. கைவினைஞர் கண்ணால் பார்த்து ஏற்றுக்கொள்கிறார், நிரூபணத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை என்று அபுல் வஃபா குறை சொல்கிறார்.

பிறகு அவரே ஒரு வழியைத் தருகிறார். மூன்று சதுரங்களில் ஒன்றை அப்படியே நடுவில் வைக்க வேண்டும். மற்ற இரண்டையும் மூலைவிட்டத்தில் வெட்டினால் நான்கு முக்கோணங்கள் கிடைக்கும். ஒவ்வொரு முக்கோணத்தின் நீண்ட பக்கத்தையும் நடுச்சதுரத்தின் ஒரு பக்கத்தோடு ஒட்டி வைத்து, அதன் ஒரு கூர்முனை சதுரத்தின் மூலையில் பொருந்தவும் மறுமுனை அடுத்த மூலையைத் தாண்டி நீளவும் விட வேண்டும். காற்றாடி போன்ற ஓர் உருவம் கிடைக்கும். இப்போது நான்கு முக்கோணங்களின் செங்கோண முனைகளையும் நேர்கோடுகளால் இணைத்தால் அதுவே தேடிய சதுரம். கோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு துண்டுகள் உள்ளே இருக்கும் இடைவெளிகளில் மிகச் சரியாகப் பொருந்திவிடும். தாளும் கத்தரிக்கோலும் இருந்தால் ஐந்து நிமிடத்தில் செய்து பார்த்துவிடலாம். நிரூபிக்கவும் முடிகிறது, வெட்டவும் முடிகிறது. இந்தக் கணக்கு இடம்பெற்ற நூலின் பெயரே ‘கைவினைஞருக்குத் தேவையான வடிவகணித அமைப்புகள்’ என்று பொருள்படுவது. கவராயத்தின் விரிவை ஒருமுறை வைத்தபின் மாற்றாமலேயே எத்தனை உருவங்களை வரையலாம் என்பதையும் அந்நூல் விரிவாகக் கற்றுத்தருகிறது.

இடைக்கால இஸ்லாமிய நாகரிகத்தின் சாதனைகளைச் சொல்லும்போது வழக்கமாக இரண்டு பட்டியல்கள் போடப்படுகின்றன. ஒன்றில் அல்குவாரிஸ்மி, இப்னு சீனா, இப்னுல் ஹைதம் என்று அறிஞர்கள் வருவார்கள். மற்றொன்றில் கோர்தோபா, அல்ஹம்பிரா, இஸ்ஃபஹான் என்று கட்டடங்கள் வரும். முதல் பட்டியலுக்கும் இரண்டாவதற்கும் உறவு உண்டா என்று யாரும் கேட்பதில்லை. என் பார்வையில் அந்த நாகரிகத்தின் தனித்தன்மை தெரிவது அந்த உறவில்தான். ஏட்டுக் கணிதமும் உளி பிடித்த கையும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்ட இடம் அது. அவை இரண்டுக்கும் நடுவே ஒரு மூன்றாவது பொருள் இருந்தது: காகிதம்.

கலீஃபா அல்மன்சூர் 762ஆம் ஆண்டு பாக்தாதை வட்ட வடிவ நகரமாக நிறுவியபோது, அதன் வரைபடத்தைத் தரையிலேயே வரைந்தார்கள். சாம்பலைத் தூவிக் கோடு போட்டு, மதில்களும் வாயில்களும் எங்கே வரும் என்று காட்டினார்கள். பிறகு அந்தக் கோடுகளின்மேல் பருத்திக்கொட்டைகளைப் பரப்பி, எரியெண்ணெய் ஊற்றிக் கொளுத்தி, நகரின் உருவம் நெருப்பில் எரிவதைக் கலீஃபா பார்த்தார் என்று வரலாற்றாசிரியர் அத்தபரீ எழுதுகிறார். ஒரு பேரரசின் தலைநகரத்துக்குத் திட்டம் வரைய அன்று ஏற்ற பரப்பு மண்தான். அடுத்த சில பத்தாண்டுகளில் நிலைமை மாறியது. 751இல் தலாஸ் ஆற்றங்கரைப் போரில் சிறைப்பட்ட சீனர்கள் சமர்க்கந்தில் காகிதம் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கதை. அதற்கு முன்பே மத்திய ஆசியாவில் காகிதம் புழங்கியிருப்பதால் இன்றைய ஆய்வாளர்கள் அந்தக் கதையை அப்படியே ஏற்பதில்லை. கதை எப்படியிருந்தாலும், 8ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பாக்தாதிலேயே காகிதம் செய்யத் தொடங்கிவிட்டார்கள். தோலில் எழுதியதைச் சுரண்டி மாற்றிவிடலாம், காகிதத்தில் மாற்றினால் தடயம் தெரிந்துவிடும் என்பதால் அரசு அலுவலகங்கள் முதலில் அதை விரும்பின. அறிவுலகம் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. தமிழில் நாம் சொல்லும் ‘காகிதம்’ என்ற சொல்லும் பாரசீக மொழியின் ‘காகஸ்’ வழி வந்ததுதான்.

காகிதத்தோடு ஒரு புதிய தொழிலும் பிறந்தது. வர்ராக் என்று அழைக்கப்பட்டவர்கள் காகிதம் விற்றார்கள், நூல்களைப் படியெடுத்தார்கள், விற்றார்கள், சிலர் தாங்களே எழுதினார்கள். பாக்தாதில் இத்தகைய கடைகள் நூற்றுக்கும் மேல் இருந்ததாக 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அல்யஃகூபி குறிப்பிடுகிறார். 987ஆம் ஆண்டளவில், அரபு மொழியில் தமக்குத் தெரிந்த நூல்கள் அனைத்துக்கும் அட்டவணை தயாரித்த இப்னு அந்நதீம் இந்தத் தொழிலைச் சேர்ந்தவர். கடைக்காரர் ஒருவர் தம் காலத்து அறிவுலகம் முழுவதையும் பட்டியலிடத் துணிந்தார் என்பதே நூல்கள் எவ்வளவு மலிந்திருந்தன என்பதற்குச் சான்று.

அந்த நூல்களில் பெரும்பகுதி வேறு மொழிகளிலிருந்து வந்தது. கிரேக்கத்திலிருந்தும் சிரியாக்கிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் சமஸ்கிருதத்திலிருந்தும் அரபுக்கு நூல்களைக் கொண்டுவரும் பணி ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் நடந்தது. கலீஃபாக்கள் மட்டும் அல்லர், அமைச்சர்களும் வணிகர்களும் செல்வக் குடும்பங்களும் அதற்குப் பணம் கொடுத்தார்கள். மொழிபெயர்ப்பாளர்களுள் தலைசிறந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக், ஹீரா நகரைச் சேர்ந்த நெஸ்தோரியக் கிறித்தவர். ஒரு நூலின் பல பிரதிகளைத் தேடிச் சேர்த்து, ஒப்பிட்டுத் திருத்தி, பிறகே மொழிபெயர்க்கத் தொடங்குவார். சொல்லுக்குச் சொல் மாற்றாமல் வாக்கியத்தின் பொருளை உள்வாங்கி எழுதுவார். கிரேக்க மருத்துவர் கேலனின் நூல்களுள் 129ஐக் குறித்து, எது யாரால் எந்த மொழிக்குப் பெயர்க்கப்பட்டது, எது எவ்வளவு மோசமாகப் பெயர்க்கப்பட்டது என்று ஒரு கடிதத்தில் விவரமாக எழுதியிருக்கிறார். அவற்றுள் நிரூபணம் பற்றிய நூல் ஒன்றைத் தேடி மெசொப்பொத்தேமியா, சிரியா, பாலஸ்தீனம், எகிப்து என்று அலைந்து அலெக்சாந்திரியா வரை போய், கடைசியில் டமாஸ்கசில் ஏறத்தாழப் பாதி மட்டுமே கிடைத்தது என்று அவர் எழுதும் இடத்தில் ஒரு புத்தகப் பித்தரின் ஏமாற்றம் அப்படியே தெரிகிறது.

‘இஸ்லாமிய நாகரிகம்’ என்ற பெயரைப் பற்றி இங்கே ஒரு சொல். ஹுனைன் கிறித்தவர், யூக்ளிடையும் ஆர்க்கிமிடீசையும் அரபில் நிலைநிறுத்திய தாபித் இப்னு குர்ரா, ஹர்ரான் நகரில் விண்மீன் வழிபாட்டைக் கைவிடாத சாபியர் சமயத்தவர், அபுல் வஃபா பாரசீக மண்ணில் பிறந்த முஸ்லிம். அவர்களை இணைத்தது அரபு மொழி, பாக்தாத் என்ற சந்தை, அங்கிருந்து ஆண்ட அப்பாசிய கலீஃபாக்களின் அரசு. அந்த ஏற்பாட்டை உருவாக்கியதும் காத்ததும் ஓர் இஸ்லாமியப் பேரரசு என்பதால் அந்தப் பெயர் பொருத்தமானதே. ஆனால் அது ஒரே சமயத்தவர் மட்டும் செய்த சாதனை என்று படித்தால் அந்தக் காலத்தவருக்கே அது வியப்பாக இருந்திருக்கும்.

இந்தியாவிலிருந்து போன பங்கும் இதில் உண்டு. 770களின் தொடக்கத்தில் சிந்துப் பகுதியிலிருந்து வந்த தூதுக்குழுவோடு ஒரு வானியல் நூல் அல்மன்சூரின் அவைக்கு வந்தது; பிரம்மகுப்தரின் மரபைச் சேர்ந்த அந்நூலிலிருந்து ‘சிந்துஹிந்த்’ என்ற பெயரில் அரபு வானியல் அட்டவணைகள் உருவாயின. சில பத்தாண்டுகளுக்குப் பின் அல்குவாரிஸ்மி, பூச்சியத்தோடு கூடிய ஒன்பது இந்திய இலக்கங்களைக் கொண்டு கணக்கிடுவது எப்படி என்று ஒரு நூல் எழுதினார். அதன் அரபு மூலம் கிடைக்கவில்லை, இலத்தீன் வடிவம் கிடைத்திருக்கிறது. அந்த வடிவத்தில் அவர் பெயர் திரிந்ததிலிருந்தே இன்று கணினித் துறையில் புழங்கும் ‘அல்காரிதம்’ வந்தது. சமன்பாடுகளைப் பற்றிய அவருடைய மற்றொரு நூலின் தலைப்பிலுள்ள ‘அல்ஜபர்’ என்ற சொல் ‘அல்ஜீப்ரா’ ஆனது. அந்நூலில் குறியீடே கிடையாது; எல்லாம் வாக்கியங்களில் எழுதப்பட்டவை. பாகப்பிரிவினை, வணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்கு உதவுவதற்காக எழுதுவதாக அவர் முன்னுரையில் சொல்கிறார். நூலின் ஏறத்தாழப் பாதி இஸ்லாமியச் சட்டப்படி சொத்தைப் பங்கிடும் கணக்குகளே.

இந்திய இலக்கங்களில் கணக்கிடுவதற்கு முதலில் தூசிப் பலகையைப் பயன்படுத்தினார்கள். பலகையில் மணலையோ தூசியையோ பரப்பி, விரலால் எழுதி, அழித்து, மீண்டும் எழுத வேண்டும்; பெருக்கல் முறையே இடையில் வரும் எண்களை அழித்துக்கொண்டே போவதாக அமைந்திருந்தது. டமாஸ்கசில் வாழ்ந்த அல்உக்லீதிசி என்பவர் 952இல் எழுதிய கணக்கு நூலில் இதை மாற்றினார். யூக்ளிட் நூலைப் படியெடுத்து விற்றவர் என்பதைக் காட்டும் பெயர் அவருடையது. தூசிப் பலகையைக் கையில் வைத்திருப்பவரைப் பார்த்தால், தெருவில் ஜோதிடம் சொல்லிப் பிழைக்கும் ஆள் என்று மற்றவர்கள் நினைத்துவிடுவார்கள். அதனால் மதிப்புள்ள பலர் அதைத் தொடவே கூசுகிறார்கள் என்று அவர் எழுதுகிறார். அதற்கு மாற்றாக மையும் காகிதமும் கொண்டு, எதையும் அழிக்காமல் கணக்கிடும் முறைகளை வகுத்தார். அழிக்காத கணக்கைத் திரும்பப் பார்த்துச் சரிபார்க்கலாம், பிறரிடம் காட்டலாம். தசம பின்னங்களைப் பயன்படுத்திய மிகப் பழைய அரபு நூலும் இதுவே. கௌரவப் பிரச்சினை ஒன்று கணித முறையையே மாற்றிய விந்தை இது.

காகிதம் மாற்றிய இன்னொன்று எழுத்தின் உருவம். பழைய குர்ஆன் பிரதிகள் தோலில் கோணங்கள் மிகுந்த கனத்த எழுத்தில் எழுதப்பட்டன. அலுவலகங்களில் காகிதத்தின்மேல் வேகமாக ஓடிய வளைந்த எழுத்து கைக்குக் கை மாறுபட்டது. மூன்று முறை அமைச்சராக இருந்த இப்னு முக்லா அதற்கு ஒரு வடிவகணித இலக்கணம் வகுத்தவராகக் கருதப்படுகிறார். நாணல் பேனாவைச் சரிவாக வெட்டி ஒருமுறை அழுத்தினால் சாய்சதுரப் புள்ளி ஒன்று விழும். அந்தப் புள்ளியே அளவு. அரபின் முதல் எழுத்தும் செங்குத்துக் கோடுமான அலிஃப் இத்தனை புள்ளி உயரம். அலிஃபை விட்டமாகக் கொண்டு ஒரு வட்டம். மற்ற எழுத்துகளின் வளைவுகள் அந்த வட்டத்தின் பகுதிகள். பேனாவின் முனை எவ்வளவு அகலமோ அதற்கேற்ப எழுத்து முழுவதும் பெருகும், சுருங்கும். அரசியல் சூழ்ச்சியில் சிக்கிய அவருடைய வலக்கையைத் துண்டித்தார்கள். பேனாவை முன்கையில் கட்டிக்கொண்டு எழுதினார் என்று சொல்வார்கள். 940இல் சிறையில் இறந்தார். அவர் வழியில் வந்த இப்னுல் பவ்வாப் 1000ஆம் ஆண்டளவில் காகிதத்தில் எழுதிய குர்ஆன் பிரதி இன்று டப்ளின் நகரில் இருக்கிறது.

உருவங்களை வரைவது தடை செய்யப்பட்டதால்தான் இந்தக் கலைஞர்கள் வடிவகணிதத்துக்குப் போனார்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுவதை அப்படியே ஏற்க முடியாது. பள்ளிவாசல்களிலும் குர்ஆன் பிரதிகளிலும் உருவங்கள் இடம்பெறவில்லை என்பது உண்மை. ஆனால் ஜோர்தான் பாலைவனத்தில் உள்ள அப்பாசியருக்கு முன் ஆண்ட உமையா வம்சத்தின் 8ஆம் நூற்றாண்டு மாளிகையான குஸைர் அம்ராவின் சுவர்களில் வேட்டையாடுபவர்களும் நீராடும் பெண்களும் தீட்டப்பட்டிருக்கிறார்கள். 1237இல் அல்வாசித்தி என்ற ஓவியர் ஒரு கதைநூலுக்கு வரைந்த படங்களில் நூலகத்தில் வாதிடும் மனிதர்களையும் அடுக்கப்பட்ட புத்தகங்களையும் பார்க்கலாம். உருவம் இல்லாத வெற்றிடத்தை நிரப்ப வந்த மாற்றுப் பொருளாக வடிவகணித அலங்காரத்தைப் பார்ப்பது, கர்நாடக இசையில் சொற்கள் குறைந்த ஆலாபனையைப் பாட்டு மறந்துபோனவரின் சமாளிப்பு என்று சொல்வதைப் போன்றது. அது விரும்பித் தேர்ந்துகொள்ளப்பட்ட மொழி.

அந்த மொழியின் ஆழம் 11ஆம் நூற்றாண்டில் தெரிகிறது. பாடல்களால் உலகுக்குத் தெரிந்த உமர் கய்யாம் தம் காலத்தில் முதன்மையாகக் கணித அறிஞர். இஸ்ஃபஹானில் செல்ஜுக் சுல்தான் மலிக்ஷாவின் வானியல் பணிக்குத் தலைமை தாங்கி, 1079இல் நடைமுறைக்கு வந்த ஜலாலி நாட்காட்டியை உருவாக்கியவர்களுள் ஒருவர். அவர் ஒரு சிறு நூலில், செங்கோண முனையிலிருந்து கர்ணத்துக்கு இறக்கும் செங்குத்துக் கோட்டையும் ஒரு பக்கத்தையும் கூட்டினால் கர்ணத்தின் நீளம் வரும்படியான முக்கோணத்தை ஆராய்கிறார். அது முப்படிச் சமன்பாட்டில் கொண்டுபோய் விடுகிறது. கவராயமும் அளவுகோலும் மட்டும் கொண்டு அதை வரைய முடியாது, கூம்பைத் தளத்தால் வெட்டும்போது கிடைக்கும் வளைவுகள், அதாவது கூம்பு வெட்டுகள், வேண்டும். பிற்காலத்தில் ஆசிரியர் பெயரின்றிப் பாரசீக மொழியில் எழுதப்பட்ட அலங்கார வடிவங்கள் பற்றிய ஒரு கையேட்டில் இதே முக்கோணம் வருகிறது. கணிதர்கள் கூம்பு வெட்டுகளால் வரையும் அதைக் கைவினைஞர்கள் மூலைமட்டத்தை நகர்த்தி நகர்த்திச் சரியான இடத்தில் நிறுத்தி வரைந்துவிடுகிறார்கள் என்பதை அந்தக் கையேட்டிலிருந்து அறிகிறோம். இஸ்ஃபஹான் ஜும்ஆ பள்ளிவாசலில் 1088இல் எழுந்த வடக்குக் குவிமாடத்தின் அளவுகளைக் கய்யாமே வகுத்தார் என்றுகூட ஊகித்தவர்கள் உண்டு. ஆசையைத் தூண்டும் ஊகம் அது. ஆவணம் ஏதும் இல்லை.

கைவினைத் தரப்பிலிருந்து எழுதியவர்களுள் அல்ஜஸரீக்கு இணையில்லை. இன்றைய துருக்கியின் தியார்பக்கிர் நகரில் அர்துக்கிய ஆட்சியாளர்களிடம் கால் நூற்றாண்டு பணிபுரிந்த பொறிஞர் அவர். தாம் செய்த ஐம்பது கருவிகளை 1206இல் ஒரு நூலாக எழுதினார். நீர்க்கடிகாரங்கள், தானியங்கிப் பொம்மைகள், கை கழுவும் கருவிகள், நீரிறைக்கும் எந்திரங்கள் எல்லாம் அதில் வருகின்றன. முன்னோர் நூல்களைப் படித்தாலும் செய்து பார்த்து உறுதிசெய்யாத தொழிற்கலை சரியா தவறா என்று தெரியாமல் நடுவிலேயே நிற்கிறது என்பது அவர் கொள்கை. அதனால் ஒவ்வொரு கருவிக்கும் என்ன உலோகம், எத்தனை சாண், எப்படி வார்ப்பது, எங்கே பற்றவைப்பது என்று சொல்லிக்கொண்டே போகிறார்; வடிவங்களை முதலில் காகிதத்தில் வெட்டி மாதிரி பார்த்துக்கொள்வதையும் குறிப்பிடுகிறார். அவருடைய யானைக் கடிகாரம் புகழ்பெற்றது. இந்த எந்திரங்களுக்கு நடுவே, அரண்மனைக்காகத் தாம் வார்த்த உலோகக் கதவு ஒன்றையும் அவர் விவரிக்கிறார். அதன் முகப்பு முழுவதும் விண்மீன்களும் பலகோணங்களும் பின்னிய வடிவகணித வலை. எந்திரம் செய்பவர் வேறு, அலங்காரம் செய்பவர் வேறு என்ற பிரிவு அவருக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு தரப்பும் மிக நெருங்கி வந்த இடம் முகர்னஸ். சதுர அறையின்மேல் வட்டக் குவிமாடத்தை ஏற்றும்போது மூலைகளில் ஏற்படும் இடைவெளியைச் சிறு சிறு குழிவறைகளை அடுக்கடுக்காக முன்தள்ளி நிரப்புவதில் தொடங்கிய உத்தி இது; பிறகு கூரை முழுவதையும் மூடும் அலங்காரமாக வளர்ந்தது. கீழிருந்து பார்த்தால் தேன்கூடு தலைகீழாகத் தொங்குவது போலிருக்கும். ஈராக்கில் சாமர்ராவுக்கு அருகே 1080களில் கட்டப்பட்ட இமாம் தூர் நினைவகம் அதன் தொடக்ககால எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. 2014இல் அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். ஸ்பெயினின் கிரனாடா நகரிலுள்ள அல்ஹம்பிரா அரண்மனையில் ‘இரு சகோதரிகள் மண்டபம்’ என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற அறையின் கூரையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சுதைத் துண்டுகள் இருக்கின்றன. இத்தனை சிக்கலும் ஒரு தட்டையான வரைபடத்துக்குள் அடங்கும் என்பதே இதன் வியப்பு. ஈரானில் தக்தே சுலைமான் என்ற இடத்தில் 13ஆம் நூற்றாண்டு மங்கோலிய அரண்மனையின் இடிபாடுகளில் ஏறத்தாழ அரை மீட்டர் அளவுள்ள சுதைப் பலகை ஒன்று கிடைத்தது. சதுரங்களும் சாய்சதுரங்களும் முக்கோணங்களும் கீறப்பட்ட அது, ஒரு முகர்னஸ் கூரையை நேர் கீழிருந்து பார்த்தால் தெரியும் தளவரைபடம். எந்தத் துண்டு எந்த அடுக்கில் வரும் என்பதைப் பழகிய கை அந்தக் கோடுகளிலிருந்தே படித்துக்கொள்ளும்.

பாக்தாத் கூட்டத்துக்கு நானூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், சமர்க்கந்தில், ஜம்ஷீத் அல்காஷி அதே முகர்னசைக் கணக்குக்குள் கொண்டுவந்தார். அவர் சாதாரணக் கணிதர் அல்லர். 1424இல், 80 கோடிக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட பலகோணத்தை எண்ணி, பை என்ற விகிதத்தை 16 தசம இடங்கள் வரை சரியாகக் கணித்தார். அடுத்த 170 ஆண்டுகளுக்கு அதை எவரும் மிஞ்சவில்லை. அண்டத்தின் சுற்றளவைக் கணக்கிட்டால்கூடப் பிழை ஒரு மயிரின் பருமனுக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் அவர் தமக்கு வைத்துக்கொண்ட அளவு. அதே மனிதர் 1427இல் முடித்த ‘கணக்கின் திறவுகோல்’ என்ற பெருநூலில் வளைவுகள், குவிமாடங்கள், முகர்னஸ்கள் ஆகியவற்றை அளப்பதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். முகர்னசை அவர் நான்கு வகையாகப் பிரிக்கிறார். அதைப் படிகளைப் போல அடுக்கடுக்காக ஏறும் கூரை என்று வரையறுத்து, அடிப்படை அளவு ஒன்றை எடுத்துக்கொண்டு, எந்த வகைத் துண்டு எத்தனை இருக்கிறது என்று எண்ணினால் மொத்தப் பரப்பு எவ்வளவு வரும் என்பதற்குப் பெருக்கெண்களைத் தருகிறார். தேன்கூடு போன்ற கூரையின் பரப்பு எதற்கு? எவ்வளவு சுதை வேண்டும், எவ்வளவு கூலி கொடுக்க வேண்டும் என்று தெரிய. அண்டத்தை மயிரிழை பிசகாமல் அளக்க விரும்பியவர் கொத்தனாருக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பதில் எந்தக் குறைவையும் காணவில்லை.

அல்காஷியை அழைத்தவர் சமர்க்கந்தின் ஆட்சியாளர் உலூக் பேக். தாமே தேர்ந்த வானியலாளர். அவர் 1420களில் எழுப்பிய வானோக்கு நிலையமே ஒரு கட்டடமும் கருவியும் சேர்ந்த பொருள். ஏறத்தாழ 40 மீட்டர் ஆரமுள்ள வட்டவில் ஒன்றை அமைத்து, பாதியை மண்ணுக்கடியில் தோண்டி இறக்கி, மீதியைச் சுற்றி மூன்றடுக்கு வட்டக் கட்டடம் எழுப்பினார்கள். கருவி பெரிதாக இருந்தால் பாகையின் பிரிவுகள் அகலமாகும், பிழை குறையும் என்பதே காரணம். அங்கே 1018 விண்மீன்களின் இடங்கள் அட்டவணையாக்கப்பட்டன. 1449இல் உலூக் பேக்கை அவருடைய மகனே கொல்லச் செய்தான். நிலையம் சிதைந்து மறைந்தது. அட்டவணைகள் காகிதத்தில் இருந்ததால் தப்பின. அவரிடம் பணிபுரிந்த அலீ குஷ்ஜி பின்னாளில் இஸ்தான்புல் சேர்ந்தார். மண்ணுக்கடியிலிருந்த வில்லின் பகுதியை 1908இல் வியாத்கின் என்ற ரஷ்யத் தொல்லியலாளர் தோண்டியெடுத்தார். இன்றும் அதைப் பார்க்கலாம். 1258இல் மங்கோலியர் பாக்தாதை அழித்ததோடு இந்த அறிவு மரபு முடிந்துவிட்டது என்பவர்களுக்கு இந்த வில்லைக் காட்டினால் போதும். பாக்தாதை அழித்த ஹுலாகுவே அடுத்த ஆண்டு ஈரானின் மராகாவில் வானியலாளர் நஸீருத்தீன் அத்தூஸியின் வானோக்கு நிலையத்துக்குப் பணம் கொடுத்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கைவினைஞர்கள் தங்களுக்குள் என்ன வைத்திருந்தார்கள் என்பதற்கு இஸ்தான்புல் தொப்காபி அரண்மனையில் உள்ள சுருள் ஒன்று சாட்சி. 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 16ஆம் நூற்றாண்டிலோ ஈரான் பகுதியில் வரையப்பட்டதாகக் கருதப்படும் அது ஏறத்தாழ 30 மீட்டர் நீளம். 114 வடிவங்கள் கொண்டது. விளக்கம் ஒரு வரிகூடக் கிடையாது. மையால் வரைந்த கோடுகளுக்கு அடியில், காகிதத்தைச் சாய்வாக வெளிச்சத்தில் பிடித்தால் மட்டுமே தெரியும் கீறல்கள் இருக்கின்றன. கவராய முனையும் கூரான கோலும் மையின்றி இட்ட துணைக்கோடுகள் அவை. முடிந்த உருவம் மட்டும் வேண்டியவருக்கு மைக்கோடு போதும். எப்படி வந்தது என்று கேட்பவர் கீறலைப் பார்க்க வேண்டும்.

2007இல் இரண்டு அமெரிக்க இயற்பியலாளர்கள் இந்தச் சுருளையும் இஸ்ஃபஹானில் 1453இல் கட்டப்பட்ட தர்பே இமாம் நினைவகத்தின் ஓட்டு வேலையையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பதின்கோணம், ஐங்கோணம், நீண்ட அறுகோணம், உடுக்கை வடிவம், சாய்சதுரம் என்று ஒரே பக்க நீளமுள்ள ஐந்து ஓட்டு வடிவங்களை அச்சாக வைத்துக்கொண்டு இத்தகைய வடிவங்களை அமைத்திருக்கிறார்கள் என்றும், ஒரே அமைப்பு சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வராத, கணித அறிஞர் ரோஜர் பென்ரோஸ் 1970களில் கண்ட அமைப்புக்கு மிக நெருங்கிய ஓர் ஒழுங்கு அங்கே இருக்கிறது என்றும் சொன்னார்கள். ‘ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே’ என்று செய்தித்தாள்கள் முழங்கின. ஐந்து அச்சுகள் பற்றிய பகுதி வலுவானது. மற்றது பற்றி எச்சரிக்கை வேண்டும். அந்தக் கைவினைஞர்கள் பென்ரோஸின் கேள்வியைக் கேட்கவில்லை, முடிவிலாத் தளத்தைப் பற்றி எதையும் நிரூபிக்க முயலவும் இல்லை. ஒரு வளைவின் முகப்பை, மூலையில் அசிங்கமாக முடியாமல், பெரிய வடிவத்துக்குள் சிறிய வடிவம் பொருந்தும்படி நிரப்புவது அவர்கள் வேலை. அந்த வேலையின் கடினத்தை உணர, பின்னாளில் ஐரோப்பாவில் யாரோ கண்டுபிடித்ததை இவர்கள் முன்பே கண்டார்கள் என்ற பட்டம் தேவையில்லை.

மொரோக்கோவின் ஃபெஸ் நகரில் இந்தத் தொழில் இன்னும் நடக்கிறது. ஸெல்லிஜ் என்று அழைக்கப்படும் ஓட்டுச் சித்திர வேலையில், சுட்டு மெருகிட்ட ஓட்டின்மேல் வடிவத்தை வரைந்து, தரையில் உட்கார்ந்து, கனத்த கூர்ச்சுத்தியலால் தட்டித் தட்டி விண்மீன்களும் பலகோணங்களும் வெட்டுகிறார்கள். பிறகு வெட்டிய துண்டுகளைத் தளத்தில் அடுக்குகிறார்கள். மெருகிட்ட முகம் கீழ்நோக்கி இருக்க, அடுக்குபவர் கண்ணுக்குத் தெரிவது ஒரே மண்நிறமுள்ள முதுகுப்புறம் மட்டுமே. எந்தத் துண்டு எந்த நிறம் என்பது அவர் நினைவில் இருக்கிறது. எல்லாம் அடுக்கி முடித்து, மேலே சாந்து ஊற்றி, இறுகியபின் பலகையாகத் தூக்கி நிறுத்தும்போதுதான் வடிவம் முதன்முறையாக வெளியே தெரிகிறது.